ஸுட்டர் தம்பதியர் ஏழைகள் அல்லர்

1

வணக்கம். இக்கதை பிறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் இருக்கும் ஒருவரிடம் நான்கு சொற்களைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆகவே, அவருக்குத் தெரியாத ஒரு மொழியில், அதைவிடப் பல மடங்கு சொற்களை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த நான்கு சொற்களும் தலைப்பில் இருக்கின்றன.

அவர் பெயர் லாஷா. ஜோர்ஜியா நாட்டின் குத்தாய்சி நகரிலிருந்து சுவிட்சர்லாந்தின் செங்காலன் நகருக்குப் பரிமாற்ற மாணவராக வந்தவர். ஒரு பருவத்துக்கென்று வந்து, இரண்டாம் பருவத்துக்கும் அனுமதி பெற்றுவிட்டார். அனுமதி பல்கலைக்கழகத்தினுடையது; அறை திருமதி ஸுட்டருடையது. இந்த ஊரில் முன்னதைவிடப் பின்னது அரிது. நாளை வியாழக்கிழமை. அதற்குள் நான் அந்த நான்கு சொற்களையும் லாஷாவிடம் சொல்லாவிட்டால் அவருக்கு அறை இல்லை. அறை இல்லையேல் அவர் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

சொன்னால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ஒரு கதை தேவைப்படுகிறது.

2

தொடக்கம் அ: "செங்காலன் நகரின் குன்றுகள்மீது மாலைக் கதிரவன் தன் பொற்கரங்களை—"

(நிறுத்திவிட்டேன். அன்று மழை. இங்கே பெரும்பாலும் மழைதான்.)

தொடக்கம் ஆ: "திருமதி ஸுட்டர் கண்டிப்பானவர்."

(இது நியாயமன்று. அவர் வீட்டின் மேல்தளத்தில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். படிக்கட்டில் சப்பாத்துகளை எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும் என்று ஒரேயொரு முறைதான் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிச்சலில் இப்படி எழுதுவது அழகல்ல. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டும் வைத்திருக்கிறேன்.)

தொடக்கம் இ: "லாஷா அன்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை."

இது உண்மை. இதிலிருந்தே தொடங்க அனுமதி வேண்டுகிறேன்.

3

லாஷா அன்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அதற்கு மூன்று நாள் முன்பு, படிக்கட்டில், திருமதி ஸுட்டர் எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்.

"லாஷா, வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு ஒருக்காக் கீழ வாங்கோ. அப்பெரோ. அந்த அறை விசயமும் கதைப்பம். ஆரபி, நீரும் வாரும்."

"விருந்தோ?" என்றார் லாஷா.

"ஓம், ஓம். சின்னதா."

(ஒரு குறுக்கீடு. இவர்கள் பேசியது இந்த ஊர் ஜெர்மன். லாஷா பேசியது வகுப்பில் படித்த ஜெர்மன். நான் இங்கே பிறந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இலக்கணத்தோடு தமிழ் கற்றவள். பேச்சுத் தமிழ் என்று எனக்குத் தெரிந்தது பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த ஒன்றுதான். ஆகவே திருமதி ஸுட்டர் "ஓம், ஓம்" என்பதைக் கேட்டு வாசகர் திடுக்கிட வேண்டாம். முதலில் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. இப்போது அவரை வேறு தமிழில் நினைக்கவே முடியவில்லை.)

லாஷாவின் ஊரில் வீட்டுக்காரர் "சின்னதா" என்று சொன்னால் மேசை முறியப்போகிறது என்று பொருள். எங்கள் ஊரில் "சின்னதா" என்றால் சின்னதுதான்.*

* அப்பெரோ: வெள்ளை வைன், உப்புக்கடலை, சீஸ் துண்டுகள். ஐந்துக்கு வருவது, ஏழுக்குள் எழுந்து நன்றி சொல்வது. ஏழு என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்ல வேண்டிய ஆளை அழைக்கவும் மாட்டார்கள்.

4

இவ்விடத்தில் எனக்கு லாஷாவின்மீது ஐயம் வருகிறது. ஒரு பருவம் முழுவதும் இந்த நகரில் வாழ்ந்த அறிவுள்ள இளைஞர், அப்பெரோ என்னவென்று அறியாமல் இருப்பாரா? வாசகர் நம்புவாரா?

யோசித்துப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் நின்றுகொண்டே கடலை கொறித்திருக்கிறார். கடலை தீர்ந்ததும் எல்லோரும் கலைந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டுக்குள், ஒரு மேசைக்கு, அந்தப் பருவம் முழுவதும் அவரை யாரும் அழைத்ததில்லை.

(இந்த வாக்கியத்தில் நகைச்சுவை இல்லை. அடிக்கவும் மனம் வரவில்லை.)

5

ஐந்து மணிக்குச் சென்றோம். லாஷா கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். திருமதி ஸுட்டரின் கணவர் றூடி ஐயா, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டரோடு வைனை ஊற்றினார்.

இங்கே எல்லோருடைய கண்ணையும் தனித்தனியே பார்த்து, பெயர் சொல்லி, கோப்பையோடு கோப்பை தட்டிய பிறகே குடிக்கலாம். லாஷாவின் நாட்டிலோ ஒருவர் எழுந்து நின்று வாழ்த்துரை கூறாமல் குடிக்கக் கூடாது. இரண்டு வழக்கமும் ஒரே மேசையில் சந்தித்ததால், சமாதானத்தை வாழ்த்தி ஒரு மிடறு குடித்து முடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. அடுத்து முன்னோருக்கு. அடுத்து இந்த வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கு. அப்போது றூடி ஐயாவின் கண்கள் கலங்கின. கட்டியவர் அவருடைய அப்பா.

ஏழு மணி கடந்தது. றூடி ஐயா இரு கைகளாலும் தொடையில் தட்டி, "சரி... அப்ப..." என்றார். இது எங்கள் ஊரில் விடைபெறும் ஒலி. விருந்தாளி செய்ய வேண்டியது. வேறு வழியின்றி வீட்டுக்காரரே செய்தார். லாஷா அதைத் தாளம் என்று எண்ணிப் பாடத் தொடங்கினார். றூடி ஐயா ஆண்கள் பாடற்குழுவில் அடிக்குரல் பாடுபவர். கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை, சேர்ந்துகொண்டார். மனைவி பார்த்த பார்வையில் அவர் குரல் ஒரு சுரம் கீழே இறங்கியது.

நான் எழுந்தேன். "அப்ப வெளிக்கிடுவம் என்ன?" என்று லாஷாவைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்து இருத்தினார். "இரும் ஆரபி! சாப்பிடாமல் எழும்பினா அவைக்கு எவ்வளவு மனம் நோகும்?"

திருமதி ஸுட்டர் கடலைக் கிண்ணத்தை எடுத்துச் சென்றார். லாஷாவின் முகம் மலர்ந்தது: மேசை ஒதுங்குகிறது, சாப்பாடு வருகிறது. மழை பெய்தும் ஜன்னல் திறக்கப்பட்டது. "மணம் வெளியால போகட்டும் எண்டு திறக்கினம். பெரிசா ஏதோ வேகுது," என்று என் காதில் சொன்னார்.

சமையலறைக்குப் போனேன். திருமதி ஸுட்டர் மிச்சக் கடலையைப் பொட்டலத்துக்குள் திருப்பிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரபி, இவர் எப்ப போவார்?"

"அது... நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா..."

"விருந்தாளியைப் போகச் சொல்லுறதோ? நல்ல கதை! எங்களுக்கு ரெண்டு சொசேஜ்தான் கிடக்கு. ரெண்டே ரெண்டு. அதை நாலா வெட்டி வைச்சா ஆர் என்னை மதிக்கிறது? றூடிக்கு ஏழுக்கெல்லாம் சாப்பிட வேணும். அவற்ற வயிறு கத்துறது பாட்டுக்குள்ளாலயும் கேக்குது."

திரும்பி வந்தேன்.

"அடுப்பில என்ன வேகுது?" என்றார் லாஷா.

"ஒண்டும் இல்லை."

"ஒண்டுமே இல்லையோ?"

"ரெண்டு சொசேஜ் கிடக்காம்."

அவர் மெல்லச் சுற்றிலும் பார்த்தார். றூடி ஐயாவின் முழங்கை ஒட்டு. சிக்கனத்துக்காக அணைக்கப்பட்ட கூடத்து விளக்கு. கதவிடுக்கில், கடலையைப் பொட்டலத்தில் கொட்டும் கை. எதுவும் இங்கே புதுமையல்ல. இவ்வூர்ப் பணக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். ஆனால் லாஷாவின் முகம் வாடிவிட்டது.

"பாவங்கள்," என்றார். "தங்கட கடலையை எங்களுக்குத் தந்திட்டு இருக்குதுகள்."

நான் அப்போது "இல்லை லாஷா, உண்மையில்—"

(அந்த வாக்கியம் இன்றுவரை இவ்வளவுதான்.)

அவர் மேலே ஓடினார். மறுநாளைக்கென்று பிசைந்து வைத்திருந்த மாவும், சீஸும், ஒரு பானை அவரைக்கறியும் இறங்கிவந்தன. நேராகத் திருமதி ஸுட்டரின் சமையலறைக்குள் நுழைந்தார். "அம்மா, நீங்கள் போய் இருங்கோ," என்றார். திருமணமான நாள்முதல் அந்த அடுப்பை வேறொருவர் தொட்டதில்லை என்பதை நான் அறிவேன். திருமதி ஸுட்டர் அடுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய் இருந்தார்.

உள்ளே சீஸ் உருகும் அந்த ரொட்டிக்குக் கச்சாப்புரி என்று பெயர். றூடி ஐயா மூன்று துண்டுகள் சாப்பிட்டார். திருமதி ஸுட்டர் முள்ளும் கத்தியுமாகத் தொடங்கி, கையால் முடித்தார்.

"இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அறையைப் பற்றி யாரும் பேசவில்லை.

6

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த வியாழனும் லாஷா தட்டோடு கீழே போனார். அதற்கடுத்த வியாழனும். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும் ஆரபி. வயது போனதுகளுக்கு வெக்கமா இருக்கும்," என்று என்னை எச்சரித்தார். இந்த நான்கு மாடி வீடும், எதிர் வீடும், ஏரிக்கரையில் ஒரு வீடும் ஸுட்டர் தம்பதியருடையவை என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

"உமக்குத் தெரியுமோ?" என்றார் ஒருநாள் மாவைத் தட்டிக்கொண்டே. "நான் முதல் பருவத்தோட போயிருப்பன். பெட்டியும் அடுக்கினனான். ஒண்டுமில்லாத ரெண்டு பேர் தங்களிட்ட இருந்த கடலையைத் தந்து என்னைக் கூப்பிட்டினம் பாரும், அதாலதான் இருக்க மனம் வந்தது."

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

என்னை எச்சரித்த லாஷா தாமும் சொல்லாமல் இருக்கவில்லை. தெருமுனைப் பேக்கரியில் மட்டும் சொல்லியிருக்கிறார். கடந்த திங்கட்கிழமை, பேக்கரிக்காரப் பெண்மணி எல்லோர் முன்னிலையிலும் குரலைத் தாழ்த்தி, திருமதி ஸுட்டரின் கையில் ஒரு ரொட்டிப் பையை வைத்தாராம்: "நேற்றைய பாண். காசு வேண்டாம். யோசிக்காதேங்கோ."

திருமதி ஸுட்டர் என் கதவைத் தட்டினார்.

"ஆரபி, நீர் சொல்லும். நாங்கள் ஏழையளோ?"

"இல்லை."

"அவருக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கடலைதான்..."

கதையை அவரிடம் சொன்னேன். அவர் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல பெடியன்," என்றார். "அறை அவருக்குத்தான் எண்டு நான் அண்டைக்கே நினைச்சது. ஆனா நேற்றைய பாணை வாங்கிக்கொண்டு நான் இந்தத் தெருவில நடக்கேலாது. வியாழனுக்கு முதல் நீர் அவருக்கு விளங்கப்படுத்த வேணும். இல்லையெண்டா அறையை வேற ஆளுக்குக் குடுப்பன்."

"நீங்களே சொல்லலாமே?"

"நானோ? அவருக்கு வெக்கமாய்ப் போகாதோ?"

7

ஆகவே, முடிவுகள்.

முடிவு அ: நான் சொன்னேன். லாஷா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் அறைக்குப் போனார். பெட்டியின் ஜிப்பு இழுபடும்—

(அவர் ரோசக்காரர். பணக்காரருக்குப் பிச்சை போட்டேனே, பிறர் சமையலறைக்குள் அழையாமல் நுழைந்தேனே என்று எண்ணினால், அறை கிடைத்தும் இருக்கமாட்டார்.)

முடிவு ஆ: நான் சொல்லவில்லை. வியாழனன்று அவர் தட்டோடு கீழே போக, கதவைத் திறந்த திருமதி—

(இதை எழுதும்போது என் கை தானாகவே நின்றது.)

முடிவு இ: றூடி ஐயா சொல்லிவிடுகிறார். இதுவே எல்லோருக்கும் நலம் என்று எண்ணி இன்று காலை அவரைக் குப்பைத்தொட்டி அருகே சந்தித்துக் கேட்டேன். அவர் படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அவசரப்படாதையும்," என்றார். "நாளைக்கு என்ன சமைக்கிறாராம்?"

முடிவு ஈ: ஸுட்டர் தம்பதியரை உண்மையிலேயே ஏழைகளாக்கிவிடுவது. எழுதுபவருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "ஏரிக்கரை வீடு கடனில் மூழ்கியது" என்று ஒரு வரி எழுதினேன். அரைமணி நேரம் கழித்துப் படிக்கட்டில் திருமதி ஸுட்டர் "சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். மேலே வந்து அந்த வரியை அடித்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன், வரியிடம்.

8

இப்போது சுவருக்கு அப்பால் மாவு மேசையில் அறையப்படும் ஓசை கேட்கிறது. நாளைக்கான மாவு. வாசகரிடம் ஓர் உதவி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை நன்கு அறிவேன். ஆயினும் உங்களுக்கு லாஷாவைப் பழக்கமில்லை; அவர் மாவைத் தட்டிக்கொண்டே சொன்னதை நீங்கள் நேரில் கேட்கவில்லை. உங்களுக்கு எளிது.

நிலையத்திலிருந்து குன்றேறும் பேருந்தில் வாருங்கள். பேக்கரிக்கு எதிரே இறங்குங்கள். மேல்தளம், இடப்பக்கக் கதவு. சப்பாத்துகளைச் சுவரைப் பார்த்து வையுங்கள். லாஷா கதவைத் திறப்பார். யார், எதற்கு என்று கேட்கமாட்டார். உங்களை இருத்தி, தட்டு வைப்பார், வாழ்த்துரை சொல்ல எழுந்து நிற்பார். ஏதேனும் வேலை இருப்பதாக நீங்கள் சொன்னாலும் நம்பமாட்டார்.

அந்த நான்கு சொற்களையும் முதல் வாய் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வைத்த பிறகு உங்களாலும் முடியாது.