ஓவன் புத்தகமும் ஈயடிச்சான் காப்பியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனி. அங்கே பெயின்ட்டைக் காயவைக்கும் ஓவனுக்குப் பக்கத்தில் ஒரு தடிப் புத்தகம் கிடக்கும். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஓவன் எப்படி ஓடியது என்று அதில் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்களாம். அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, ஆறு வருஷமாக எல்லோரும் மேலே இருக்கும் வரியைப் பார்த்து அப்படியே கீழே எழுதினார்கள். ஒரு தரம் கோபால் என்பவர் "ஃபேன் பெல்ட் கட், சேஞ்ச்டு" என்று எழுதப்போக, தொடர்ந்து பதினோரு ஷிப்ட் புத்தகத்தில் ஃபேன் பெல்ட் அறுந்துகொண்டே இருந்தது. பதினோரு பெல்ட்டுக்குக் கணக்குக் கேட்டதும் ஸ்டோர்ஸ்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

புதிதாக வந்த மேனேஜர் நந்தினி மேடம் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு ஒரு முடிவெடுத்தார். ஓவனில் இரண்டு கான்ட்ராக்ட் ஆட்கள். காலை ஷிப்ட் சோனியா, மதிய ஷிப்ட் குப்புராஜ். இருப்பதோ ஒரே ஒரு பர்மனென்ட் இடம். மாசக் கடைசியில், சொந்தமாக யார் ஒழுங்காக எழுதியிருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது.

சோனியாவுக்கு ஒன்பது வருஷமாகப் பதினோரு மாதத்துக்கு ஒரு புது அட்டை, புது நம்பர். ஒவ்வொரு தடவையும் 'புதிதாகச் சேர்ந்தவள்' ஆகிவிடுவாள். அவள் அம்மா ஞானம்மாவோ, "எம் பொண்ணு கம்பெனில பர்மனென்ட்டு" என்று கவரைப்பேட்டை முழுக்க ஐந்து வருஷத்துக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டாள். ஆகவே இது மானப் பிரச்சினையும்கூட.

வேனில் வரும்போதெல்லாம் போனில் ஆங்கிலப் பாடம். அதில்தான் அந்த வால் சமாசாரம் பிடிபட்டது. ஆங்கில வினைச்சொல்லுக்கு ஒரு குட்டி வால் உண்டு. டர்ன் ஆன் என்றால் போடு, டர்ன் ஆஃப் என்றால் அணை, டர்ன் டவுன் என்றால் குறை, டர்ன் அப் என்றால் வந்து சேர். மாடு ஒன்றுதான்; வாலை மாற்றினால் ஒரு நேரம் பால், ஒரு நேரம் உதை. முதலில் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அப்புறம் யோசித்தால், நம்ம ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'போட்டுக்கொடுத்தான்' என்றால் எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்? கோள் சொன்னான் என்றல்லவா அர்த்தம்! அன்றிலிருந்து பாடம் இனித்தது.

ஒரு நோட்டில் எழுதிப் பார்த்து, திருத்தி, அப்புறம்தான் புத்தகத்தில் ஏற்றுவாள். "ஃபேன் ஸ்லோடு டவுன். ஐ கால்டு மெயின்டெனன்ஸ். தே டர்ண்ட் அப் அட் எய்ட்." ஃபேன் மெதுவானது, ஆளைக் கூப்பிட்டது, எட்டு மணிக்கு வந்து சேர்ந்தது எல்லாம் மூன்றே வரியில். எழுதிவிட்டு அவளே நாலு தடவை படித்துக்கொண்டாள்.

நோட்டை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போனதுதான் வினை. ஒரு நாள் மேடம் கூப்பிட்டு, "சோனியா, இந்த வரியை நேத்தே குப்புராஜ் எழுதிட்டாரே. காப்பி அடிக்காதீங்கன்னு சொன்னேன்ல?" என்றார்.

பழகுவதற்காக நோட்டில் சோனியா சேர்த்துவைத்த வாக்கியங்களை அவன் முந்திக்கொண்டு புத்தகத்தில் ஏற்றியிருக்கிறான்! இப்போது அவளே திருடி.

ஆத்திரக்காரிக்கு மட்டும் புத்தி மட்டு இல்லையா? அன்றைக்கே நோட்டில் ஒரு புது வாக்கியம் எழுதினாள். "பர்னர் வென்ட் அவுட். ஐ டிட் நாட் வெயிட். ஐ லிட் இட் அப் அண்ட் கேரிட் ஆன்." பர்னர் அணைந்தது, நான் காத்திருக்கவில்லை, உடனே பற்றவைத்து வேலையைத் தொடர்ந்தேன் என்று பொருள். பர்னர் அணைந்தால், உள்ளே தேங்கிய கேஸ் வெளியேற ஐந்து நிமிஷம் காத்திருக்கவேண்டும். அதற்குள் பற்றவைத்தால் வெடிக்கும். அந்த ஓவனில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. "எழுதுடா ராசா" என்று டிராயரை மூடினாள். வேனில் வீடுவரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

ராசா ஓர் எழுத்து விடாமல் எழுதினான்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து அவள் கேட்டுக்கு வெளியே வந்தபோது, குப்புராஜ் டீக்கடையில் நின்றிருந்தான். கழுத்தில் அட்டை இல்லை.

"அக்கா, காலையிலயே கூப்ட்டு அட்டைய புடுங்கிகினாங்க. இனிமே வராதன்றாங்க. இன்னா எழுதினேன்னே எனக்குத் தெரிலக்கா. மேடம் கேக்க சொல்ல முழிச்சிகினு நின்னேன்." போனில் அந்தப் பக்கத்தின் படத்தை நீட்டினான். "நீயாச்சும் படிச்சி சொல்லு."

"தெரியாம ஏன்டா எழுதின?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உன் நோட்டுலேர்ந்துதான்க்கா எடுத்தேன். நீ எழுதினா கரீட்டாதான் இருக்கும்னு…"

திருட்டுப் பயலுக்கு இவ்வளவு நம்பிக்கையா! சோனியாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பேசாமல் வேனில் ஏறிவிடலாம். பர்மனென்ட் இடம் அவளுக்குத்தான். நோட்டைப் பார்த்து எழுதினேன் என்று மேடத்திடம் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். சோனியா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தாள்.

"மேடம், நேத்து பர்னர் அணையவே இல்ல. ரெக்கார்டர் சார்ட்டப் பாருங்க. அந்த வரி இவனுக்கு நான் வெச்ச கண்ணி."

ஓவன் சூட்டைத் தானாகவே கோடு போட்டுக் காட்டும் அந்தச் சார்ட்டை மேடம் எடுத்துப் பார்த்தார். நாள் முழுக்க ஒரே நேர்கோடு; சூடு இறங்கவே இல்லை. "நானும் எழுத்தை நம்பி இதைப் பார்க்காம விட்டுட்டேனே" என்று முணுமுணுத்தார். அடுத்த நொடியே குரல் உயர்ந்தது. "வெடிக்கிற விஷயத்துல விளையாட்டா? பர்மனென்ட் ரெண்டு பேருக்கும் கிடையாது. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம். குப்புராஜ், அட்டையை எடுத்துக்கிட்டு டியூட்டிக்குப் போங்க. சோனியா, நடந்ததைப் புத்தகத்துல எழுதுங்க. இங்கிலீஷ்லயே எழுதுங்க."

இன்னும் ஆறு மாசம்! ஞானம்மாவின் முகம் கண்முன் வந்தது. சோனியா நோட்டில் எழுதிப் பார்க்காமல் நேராகப் புத்தகத்தில் எழுதினாள். "பர்னர் டிட் நாட் கோ அவுட். ஐ செட் ஹிம் அப். ஐ ஓன் அப்."

"இன்னாக்கா எழுதிகிற?"

விரல் வைத்துச் சொன்னாள். "பர்னர் அணையல. நான்தான் இவன மாட்டிவுட்டேன். நான் பண்ண தப்ப நானே ஒத்துக்குறேன்."

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தபா சொல்லு."

சொன்னாள். குப்புராஜ் பேனாவை வாங்கினான். மேலே பார்த்தான், கீழே எழுதினான், மறுபடி மேலே பார்த்துச் சரிபார்த்தான். "ஐ ஓன் அப்." பக்கத்தில் கையெழுத்தும் போட்டான்.

"அடப்பாவி, இதையுமாடா காப்பி அடிப்ப?"

"இத அர்த்தம் தெரிஞ்சி எழுதிகிறேன்க்கா."