அக்கா ஏறாத மலை

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று ஊர் அழுக்கெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். தங்கை மடிக்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பாள். அக்காவுக்கு இஸ்திரி. சிமென்ட் தரையில் நின்றபடி, நீராவியில் வெந்துகொண்டே படுக்கை விரிப்புகளைத் தேய்க்க வேண்டும். "உங்க அக்காகிட்ட பெட்டியும் சூடு, பேச்சும் சூடு" என்று மேஸ்திரி தங்கையிடம் கேலி செய்வார்.

அவர்களின் அப்பா லாரி டிரைவர். இருந்தவரை ஒரு மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "உச்சியில நின்னா இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் கடல். ஒருநாள் உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்" என்பார். அந்த ஒருநாள் வருமுன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கைக்கு அப்போது பால் பல் விழும் வயது. "மலைக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க?" என்று அவள் தேம்பினாள். "நான் இருக்கேன்ல" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டாள். ஆனால் வாடகை, தங்கையின் படிப்பு, படுத்துவிட்ட அம்மாவின் வைத்தியம் என்று எதுவும் மலைக்கு வழிவிடவில்லை. அம்மாவும் போன பிறகு, மலைக்குப் பணம் சேர்க்க அக்கா இரண்டு ஷிப்ட் பார்க்கத் தொடங்கினாள். நல்ல நாள், பெரிய நாள் என்று ஒன்றும் கிடையாது. பெண் கேட்டு வந்தவர்களை, "இப்ப என்ன அவசரம்" என்று தட்டிக்கழித்தாள். முட்டி வீங்கியபோது யாருக்கும் சொல்லாமல் டாக்டரைப் பார்த்தாள்.

"நிக்கிற வேலையை விடுங்கம்மா. இல்லேன்னா முட்டி உங்களை விட்டுடும்."

"மலைக்குப் போயிட்டு வந்து விட்டுடறேன் சார்" என்றாள். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.

ஒருவழியாக இருவரும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் தங்கையின் வாய் ஓயவில்லை. அடிவாரத்தில் இறங்கியதும் கல்படிகள் நெட்டுக்குத்தாக மேலே போயின. அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். முதல் திருப்பத்துக்கே முட்டிக்குள் கத்தியைச் செருகியதுபோல் இருந்தது. உட்கார்ந்துவிட்டாள். புடவையை லேசாக விலக்கிப் பார்த்த தங்கைக்கு முகம் வெளுத்தது. முட்டி பந்துபோல் வீங்கி, பளபளத்தது.

"எத்தனை நாளாக்கா இப்படி? ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா? நீ ஏறு. நான் இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்."

"நீ இல்லாம நான் போகமாட்டேன்."

"அடியே, ரெண்டு பேரும் கீழயே உட்கார்ந்துட்டுத் திரும்பிப் போறதுக்கா நான் இவ்வளவு வெந்தேன்? போடி!"

தங்கை அழுதுகொண்டே ஏறினாள்.

வெயில் சாயும்போது இறங்கி வந்தாள். "மேல ஒண்ணுமே இல்லக்கா. ஒரே மூட்டம். காடும் தெரியல, கடலும் தெரியல. நீ வராததே நல்லதாப் போச்சு."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தாலும் அந்த முகம் விளக்கேற்றியதுபோல் இருந்தது. பின்னால் இறங்கி வந்தவர்கள், இப்படி ஒரு தெளிவான நாள் அமைந்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்குப் பொய் சொல்லவே வராதுடி" என்று அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள் அக்கா. "எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

தங்கை விம்மலுக்கு நடுவே சொன்னாள். காடு கடலைத் தொடும் இடத்தில் பச்சை கறுத்து, பிறகு நீலமாகிறதாம். காற்று ஆளைத் தள்ளுகிறதாம். உச்சியில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டாளாம். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். எவ்வளவு முயன்றும் மூடிய கண்ணுக்குள் அவளுக்குக் காடும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. வெளியே மட்டும், "அப்படியா, அப்படியா" என்றாள்.

திரும்பி வந்த பிறகு அவளால் நிற்க முடியவில்லை. மேஸ்திரி அவளைப் பொத்தான் தைக்கும் மூலையில் உட்காரவைத்தார். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மலை எப்படிக்கா இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க? காடு கடலைத் தொடற இடத்துல பச்சை அப்படியே கறுத்துடுது. காத்து நம்மளைத் தள்ளுது பாரு..."

எதிரே உட்கார்ந்திருந்த தங்கை, பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கைகழுவ எழுந்து போனாள்.