அழகாக விழுந்துவிட்ட படம்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒரு நூறாவது போட்டோகிராபர் கணக்கில்தான் சேரும். மாப்பிள்ளையின் தொந்தியை நாற்காலிக்குப் பின்னால் ஒளிப்பது, பெண்ணின் முகத்துப் பருவை விளக்கைத் திருப்பி விரட்டுவது, காலையில் சட்டையைப் பிடித்துக்கொண்ட சம்பந்திகளை மாலையில் தோளில் கைபோட்டு நிற்கவைப்பது என்று நம் படக்காரர் தலை நரைக்கத் தொடங்கும்வரை இந்தத் திருப்பணியைச் செய்தவர். அவர் எடுத்தால் அழகில்லாதவர் என்று ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்படி ஒரு கைராசி.

ஆனால் கைராசி வேறு, வருமானம் வேறு. பெரிய ஆஸ்பத்திரியில் மாதச் சம்பளத்துக்கு ஒரு போட்டோகிராபர் தேவை என்ற விளம்பரத்தை அவர் மனைவிதான் முதலில் பார்த்தாள்.

"கல்யாணம் வந்தா சாப்பாடு, வரலைன்னா கூப்பாடுன்னு எத்தன நாளைக்குங்க ஓட்டுறது? மாசம் பொறந்தா சம்பளம். போய்க் கேட்டுப் பாருங்க."

ஆஸ்பத்திரிக்கு எதற்கு போட்டோகிராபர் என்று உறவில் கேட்காத ஆள் இல்லை. "ஊசி போடும்போது சிரிக்கச் சொல்லுவீங்களா மாமா?" என்றான் மைத்துனன். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. நிர்வாகி புது ஸ்கேன் மெஷின் பக்கத்தில் நிற்பதையும், ஓய்வுபெறும் நர்ஸ் மாலையோடு அழுவதையும், ஊழியர்களின் அடையாள அட்டை மூஞ்சிகளையும் அவர்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதெல்லாம் ஊறுகாய். சோறு என்பது நோயாளிகளின் படம்தான். தீக்காயம், ஆறாத புண், பிளந்த உதடு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்.

அதற்கென்று எக்ஸ்ரே வராந்தாவின் கோடியில் ஓர் அறை. சாம்பல் நீலத்தில் ஒரு சுவர், அதன் முன்னால் ஒரு முக்காலி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் விளக்குகள். விளக்கின் கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் மஞ்சள் பெயின்ட். சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. விளக்கு நகரக்கூடாது, முகம் நேராக இருக்க வேண்டும், நகையும் கண்ணாடியும் கூடாது. முன்னால் எடுத்த படமும் பின்னால் எடுத்த படமும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால்தான் மாறியது நோயா இல்லையா என்று டாக்டருக்குத் தெரியும். கல்யாண வீட்டில் இந்த விதிப்படி படம் எடுத்திருந்தால் அடி விழுந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இன்னும் சில வாரங்களில் வேலை நிரந்தரமாகிவிடும் என்ற நிலையில்தான் அந்தப் பெண் வந்தாள்.

முப்பது வயதுக்குச் சற்று மேலே இருக்கும். துப்பட்டாவை இழுத்துப் பாதி முகத்தை மூடியிருந்தாள். கூடவே அவளுடைய அம்மா. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் கையால் ஏதோ சொல்ல, மூலை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். துப்பட்டாவை எடுத்தபோது இடதுபக்க முகம் தொங்கிப்போயிருந்தது. காதுக்குப் பின்னால் முன்பு ஒரு கட்டி இருந்ததாம். அதை எடுத்த ஆபரேஷனில் நரம்பு போய்விட்டது. முகத்தின் ஒரு பாதி விழித்திருக்க மறுபாதி தூங்கியது.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று கேட்டார். முக்காலியில் உட்கார்ந்தவர்களோடு பேச்சுக் கொடுப்பது பழைய பழக்கம்.

"கோர்ட்டுல. காது கேக்காதவங்க சாட்சி சொல்ல வந்தா, அவங்க சைகைய நீதிபதிக்குச் சொல்லணும், நீதிபதி கேக்குறத அவங்களுக்குச் சைகையில சொல்லணும்."

"அதுக்குக் கை போதுமே?"

"கை பாதிதாண்ணா. மீதி முகம். நெசமா கேலியா, கோவமா கொஞ்சலா, எல்லாம் முகத்துலதான் இருக்கு. இப்ப கோர்ட்டுல என்னைக் கூப்பிடுறதில்ல." அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "அதுகூடப் போகட்டும். எங்கம்மாவுக்குப் பொறந்ததிலேருந்தே காது கேக்காது. எனக்கு முதல்ல வந்த பேச்சே சைகைதான். ஒரு நாள் அம்மா அலமாரியக் கலைச்சு எல்லாத்தையும் இடம் மாத்திட்டாங்க. 'இனிமே உன்ன வீட்ட விட்டு அனுப்பிட வேண்டியதுதான்'னு கேலியாச் சொன்னேன். எப்பவும் சொல்றதுதான், அடிக்க வருவாங்க. அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம உள்ள போனாங்க. போய்ப் பாத்தா, துணிய மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டிருக்காங்கண்ணா."

படக்காரருக்கும் ஒரு மகள் உண்டு. வாய் ஓயாமல் அவரைக் கேலி செய்யும் மகள்.

"ரொம்ப அசிங்கமா எடுத்துடாதீங்கண்ணா," என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான். விதி பறந்தது, கைராசி வந்து உட்கார்ந்தது. இடதுபக்க விளக்கை மஞ்சள் பெயின்ட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கீழே இறக்கினார். தொங்கிய கன்னத்தின் நிழல் கரைந்தது. முகத்தை ஒரு நூல் திருப்பச் சொன்னார். "பல்லு தெரிய நல்லாச் சிரிங்க" என்று சொல்லி முழுச் சிரிப்புக்குக் காத்திருக்க வேண்டிய இடத்தில், சிரிப்பு புறப்படும்போதே, இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருந்த நொடியில் அமுக்கிவிட்டார். யோசித்துச் செய்தது என்று சொல்ல முடியாது. எத்தனையோ மணப்பெண்களிடம் பழகிய விரல் அது.

கேமராவின் சின்னத் திரையில் அவள் தன்னைப் பார்த்தாள். "நான் இன்னும் இப்படியா இருக்கேன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது. படக்காரர் அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை. வீட்டில் மனைவியிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

வாரத்துக்கு ஒருமுறை டாக்டர்கள் கூடி யாருக்கு ஆபரேஷன் என்று முடிவு செய்வார்கள். ஆபரேஷன் மேசை கொஞ்சம், காத்திருப்பவர்கள் ஏராளம். படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவதும் படக்காரர் வேலைதான். நடுவில் உட்கார்ந்திருப்பவர் பெரிய டாக்டரம்மா. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற மனுஷி. அந்தப் பெண்ணை நேரில் பார்த்த சின்ன டாக்டர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். படம்தான் சாட்சி.

திரையில் அவள் முகம் வந்தது. அழகாகத்தான் இருந்தது.

"பரவாயில்லையே," என்றார் பெரிய டாக்டரம்மா. "இடதுபக்கம் அசைவு வருது பாருங்க. நரம்பு தானாவே தேறுது. இதுல கத்தி வெச்சா இருக்கிறதும் போயிடும். ஒரு வருஷம் விட்டுப் பாக்கலாம்."

"தேறலைன்னா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"தேறலைன்னா அப்புறம் தசை செத்துடும், நரம்பு வெச்சும் புண்ணியமில்ல. ஆனா படம் தெளிவா இருக்கே. சரி, அடுத்தது."

படக்காரர் அடுத்த படத்துக்குப் பொத்தானை அமுக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் தனியாகப் போய்ச் சொல்லலாமா, ஃபைல் மாறிப்போச்சு என்று சமாளிக்கலாமா என்று மனசு எலி மாதிரி வழி தேடியது. நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவரும் இதே டாக்டரம்மாதான். அவர் ஒரு வருஷம் என்று சொன்னது படக்காரர் செய்த பொய்யை நம்பி. துணியை மடித்துப் பையில் வைத்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டார்.

"அடுத்தது போடுங்க," என்றார் டாக்டரம்மா மறுபடியும்.

"மேடம், இந்தப் படம் தப்பு."

"என்ன தப்பு? தெளிவாத்தானே இருக்கு?"

"தெளிவா இருக்கு மேடம். அழகாவும் இருக்கு. அதான் தப்பு. அந்தப் பொண்ணு முகம் இப்படி இல்ல. நான் விளக்கத் தள்ளி வெச்சு, சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

"நீங்க இங்க கல்யாண ஆல்பமா போட்டுக்கிட்டிருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா. "இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

"இது ஒண்ணுதான் மேடம். ஆனா என் பேச்ச நம்பாதீங்க. நான் எடுத்தது எல்லாத்தையும் ஒருதடவை பாத்துடுங்க."

அந்தப் பெண்ணை மறுபடி வரவழைத்து விதிப்படி எடுக்க வேண்டும், அடுத்த கூட்டத்துக்கு அது வர வேண்டும், எல்லாப் படங்களையும் சரிபார்த்து முடிக்கும்வரை நிரந்தரம் என்ற பேச்சே கிடையாது என்று உத்தரவாயிற்று.

சாயங்காலம் வீட்டில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஈரச் சட்டையை உதறிய உதறலில் அவர் மூஞ்சியில் தண்ணீர் தெறித்தது.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டீங்களே! எங்கண்ணன்கிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்." நாலு துணி காயப்போட்டபிறகு குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. நாளைக்கு வருது."

"டாக்டர்கிட்ட சொன்னது ஒரு பெரிய காரியமில்ல. அதுகிட்ட சொல்லணுமே, அதுதான்." அப்படிச் சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனாள். திட்டு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பெண் துப்பட்டாவை விரலில் சுற்றியபடியே கேட்டாள்.

"அந்தப் படத்தப் பாத்துட்டுப் போய்த்தான் நான் திரும்பக் கண்ணாடியே பாக்க ஆரம்பிச்சேன்," என்றாள். "அது பொய்யா?"

"பொய்தாம்மா. பாவம் பாத்துப் பண்ணினேன். அது உங்களுக்கே பாவமாப் போச்சு."

"உங்ககிட்ட யாரு பாவம் பாக்கச் சொன்னாங்க?" என்றவள், அசிங்கமா எடுக்காதீங்கன்னு தான் சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, துப்பட்டாவைச் சுருட்டித் தூர எறிந்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "எடுங்க. எவ்வளவு கோரமா வேணுமோ எடுத்துக்குங்க."

விளக்குகள் மஞ்சள் பெயின்ட்டில் நின்றன. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். வலது கண் மூடியது, இடதில் வெள்ளை தெரிந்தது. பல் தெரியச் சிரிக்கச் சொன்னார். அவள் ஆத்திரத்தோடு வாயை இழுத்தாள். வலதுபக்கம் காதுவரை போனது. இடதுபக்கம் போட்டது போட்டபடி கிடந்தது. படக்காரரின் விரல் பழக்கதோஷத்தில் அந்த முகம் நன்றாக வருகிற நொடிக்காகக் காத்தது. அதை அதட்டி, முகம் எவ்வளவு கோணமுடியுமோ அவ்வளவு கோணிய இடத்தில் அமுக்கினார். அமுக்கிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பார்த்த டாக்டர்கள் யாரும் வாதாடவில்லை. அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து முகத்தில் வைத்தார்கள். "நகம் வளர்ற மாதிரிதான் நரம்பும் வளரும். அவசரப்படக்கூடாது" என்றார் பெரிய டாக்டரம்மா. படக்காரரின் மற்ற படங்களெல்லாம் சோதனையில் தேறி, நிரந்தர ஆர்டரும் தாமதமாக வந்தது. "இனிமே யாரையும் அழகாக்காதீங்க. அது என் வேலை" என்று சொல்லித்தான் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு அந்தப் பெண் அவ்வப்போது படத்துக்கு வந்துபோனாள். கோபம் மெல்லத் தணிந்து மறுபடி அண்ணா என்றாள். முகம் மட்டும் அப்படியே இருந்தது. ஒருமுறை உதடு அசைந்தது போலத் தோன்றியது அவருக்கு. வாயைத் திறக்கவில்லை. நல்லதாகவே பார்த்துப் பழகிய கண், அதை நம்பக்கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஆனாலும் ஒவ்வொரு முறை பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரைப் பார்க்கும்போதும் படக்காரருக்கு ஆசை வரத்தான் செய்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அம்மாவும் மகளும் நனைந்துகொண்டு வந்தார்கள். அம்மா வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார். படக்காரர் விளக்குகளின் காலைப் பெயின்ட்டோடு ஒட்டிவைத்துக் குனிந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். முக்காலியில் காத்திருந்த மகளுக்குச் சலித்துப்போயிற்று போல. அவரைச் சுட்டி, அம்மாவைப் பார்த்து, கையால் எதையோ விறுவிறுவென்று சொன்னாள்.

அம்மா மகளின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு திடீரென்று ஒரு சத்தம், கரகரவென்று, அறையே நிறையும்படி. அம்மா சிரித்தார்! எழுந்துவந்து மகளின் தோளில் பட்டென்று ஓர் அடி வைத்தார், இன்னும் ஓர் அடி வைத்தார்.

"அப்படி என்ன சொன்னீங்க?" என்றார் படக்காரர்.

"இந்த போட்டோக்காரருக்கே உன்னக் கட்டிவெச்சுடப் போறேன்னு..." சொல்லவந்தவள் நிறுத்திவிட்டாள். தோளில் விழுந்த அடியைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணா, அம்மா அடிச்சாங்க. கேலின்னு தெரிஞ்சு அடிச்சாங்க."

அம்மா மகளின் இடதுபக்க வாயோரத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறுகையால் படக்காரரை நோக்கி என்னமோ சொன்னார். படக்காரர் கேமராவுக்கு ஓடினார். விளக்கைத் தொடவில்லை, முகத்தைத் திருப்பச் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்ததை அப்படியே எடுத்தார். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார். இடது வாயோரம் ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. ஒரே ஒரு நூல்தான், ஆனால் கண்ணின் ஆசை இல்லை, நிஜம்.

"அம்மா என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டார்.

"பொய் சொல்றேனாம்," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதாம்."