கிட்டன்ஸின் வலது கை

ஒப்பந்தப்படி பனாமாவின் கால்வாய் மண்டலக் காவல்படை கலைக்கப்பட்ட 1982 மார்ச் கடைசி நாளில், எல்லைச் சாலைச் சந்திப்பில் வண்டிகளை நிறுத்த எக்பர்ட் கிட்டன்ஸ் தூக்கிய வலது கை அதன்பின் இறங்கவில்லை. அந்தப் படையில் ஒரு வழக்கம் இருந்தது. பணி மாற்ற வருகிறவர் எதிரே நின்று, "இனி என் காவல், நீ போ" என்று சொன்ன பிறகே முன்னவர் இடத்தை விட்டு அகலலாம். அன்று மாலை யாரும் வரவில்லை. வருவதற்குப் படையே இல்லை. தொப்பி, சின்னம், ஊதல், தடி என்று பட்டியல் போட்டு வாங்கிக்கொண்டவர்களுக்குக் கடைசியாக நிற்பவனை யார் விடுவிப்பது என்று மட்டும் தோன்றவில்லை. இருட்டும்வரை பார்த்துவிட்டுப் பரைசோ ஊரிலிருந்த அரசு வீட்டுக்கு பஸ் ஏறினார். கம்பியைப் பிடித்திருக்கிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

மனைவி மர்ட்டில் அவருடைய சட்டைகளின் வலது தோளைப் பிரித்துப் பொத்தான் வைத்தாள். தினமும் காலையில் அவளே மாட்டிவிட்டாள். ஒருமுறை எதிரே நின்று அந்த வார்த்தைகளையும் சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை; சொல்கிறவர் பணியில் இருக்க வேண்டும். கிட்டன்ஸுக்குப் பெரிய ஆசை எதுவும் மிச்சமில்லை. வலப்பக்கம் சாய்ந்து ஒரு தூக்கம் தூங்கினால் போதும் என்றிருந்தது.

வேலை இழந்தவர்களுக்கு இழப்பீடும் மாற்று வேலையும் உண்டு. இழப்பீட்டுப் படிவத்தில் போன உறுப்புக்கு ஒரு கட்டம் இருந்தது, இறங்காத உறுப்புக்கு இல்லை. மாற்று வேலை மூன்று முறை தருவார்கள். மூன்றும் சரிப்படாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போகும், வீடும் போகும். கோப்பு அறையில் போட்டார்கள், எழுத முடியவில்லை. நான்கு வருடம் கழித்துக் கால்வாய் மதகுக்கு அனுப்பினார்கள். அவர் கையைக் கண்டு கப்பல்கள் நின்றுவிட்டன. மூன்றாவது, எட்டாம் வருடம், ஒரு கிடங்கின் வாயிற்காவல். வந்த லாரியெல்லாம் நின்றது. இடது கையால் போகச் சொன்னார். அந்தக் கையை யாரும் மதிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் லாரி வரிசை ஆற்றுப்பாலம்வரை போயிற்று.

மறுநாள் காலை மர்ட்டில் காவலர் தொப்பியோடு கிடங்கு வாயிலில் வந்து நின்றாள்.

"உன் வேலைய என் பேருக்கு மாத்திட்டேன். புருஷனால முடியலன்னா பெண்டாட்டி பாக்கலாமாம், அவங்க விதியிலயே இருக்கு."

"பைத்தியமா உனக்கு? இந்தக் கை உன்கிட்ட ஏறிக்கும், மர்ட்டில்."

"ஏறட்டும். எட்டு வருஷமா உன் கக்கத்தையே பாத்துட்டிருக்கேன், மனுஷா. சலிச்சுப் போச்சு."

"யூக்காக் கிழங்கு எப்படி வெட்டுவ?"

"எனக்கு இடது கைப் பழக்கம். கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு, இன்னுமா நீ கவனிக்கல?"

கிட்டன்ஸுக்கு வெட்கமாக இருந்தது. அவர் உண்மையிலேயே கவனித்ததில்லை. அவள் எதிரே நேராக நின்று, "இனி என் காவல், நீ போ" என்றாள். அவர் கை துருப்பிடித்த கதவைப் போல மெல்ல இறங்கியது. அவளுடைய வலது கை எழுந்து நின்றது. இடது கையை அவள் வீசியதும் முதல் லாரி நகர்ந்தது. மதியத்துக்குள் வரிசை தீர்ந்தது.

கிட்டன்ஸ் வீட்டுக்குப் போய் வலப்பக்கம் சாய்ந்து, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கினார். மாலையில் அவள் வந்து எழுப்பினாள். அவர் எழுந்து, அவளுடைய சட்டையின் வலது தோளைப் பிரித்துப் பொத்தான் தைக்க உட்கார்ந்தார்.