‘இன்’ என்றால் இல்லை என்று அர்த்தமா?

பெயிண்ட் கிடங்கில் பெட்டி கட்டும் அந்த அம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. தினம் இரண்டு ஆங்கில வார்த்தை என்று ஆறு மாதமாக விடாப்பிடியாகப் படித்து வந்தாள். மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அகராதியைப் புரட்டுவாள். "இனிமே அண்ணி நம்மகூட இங்கிலீஷ்லதான் சண்டை போடுவாங்க" என்பாள், கூடவே வேலை பார்க்கும் நாத்தனார்.

அன்று பிரஷ் கழுவும் புதுத் திரவம் பன்னிரண்டு டிரம்களில் வந்து இறங்கியது. புதிதாகச் சேர்ந்திருந்த சூப்பர்வைசர் பின்சுவர் ஓரம் அடுக்கச் சொன்னார். அங்கே உடைந்த ரேக்கைச் சரிசெய்ய வெல்டர் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார், பக்கத்துல வெல்டிங் நடக்கப் போகுதே?"

"டிரம்மைப் பாரும்மா. இன்ஃப்ளேமபிள்னு போட்டிருக்கு. கம்ப்ளீட்னா முழுசு, இன்கம்ப்ளீட்னா முழுசு இல்ல. அதே மாதிரி ஃப்ளேமபிள்னா எரியும், இன்ஃப்ளேமபிள்னா எரியாது."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அவளும் அப்படித்தான் படித்திருந்தாள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நேராகப் போய் வெல்டரின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் மிஷினைப் போடாதீங்க."

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வேலையை நிறுத்த நீ யாரு?"

"பெட்டி கட்டுறவதான் சார். ஆனா அர்த்தம் பார்க்காம இங்கேருந்து நகர மாட்டேன்." நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். "என் பையில அகராதி இருக்கு. எடுத்துட்டு ஓடி வா."

நாத்தனார் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஓடினாள்.

எல்லோரும் பார்த்திருக்க, அவள் விரலை வரிவரியாக ஓட்டினாள். வார்த்தை அகப்பட்டது. உரக்கப் படித்தாள்: "எளிதில் தீப்பற்றக்கூடியது."

சூப்பர்வைசர் அகராதியை வாங்கி இரண்டு முறை படித்தார். முகம் வெளிறிவிட்டது. "அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார். எரியாததுக்கு நான்ஃப்ளேமபிள்னு போடுவாங்களாம். கீழேயே குறிப்பு இருக்கு."

வெல்டர் ஒயரைச் சுருட்டினார். டிரம்களை வெளிக்கொட்டகைக்கு உருட்டிச் சேர்த்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

சூப்பர்வைசர் தானே மேனேஜரிடம் போய், "நான்தான் தப்பாப் படிச்சேன் சார், இந்தம்மா தடுத்தாங்க" என்றார். எல்லா ரேக்குகளிலும் என்ன சரக்கு, எரியுமா எரியாதா என்று தமிழில் எழுதி ஒட்டும் பொறுப்பை மேனேஜர் அவளுக்கே கொடுத்தார்.

கிடங்கில் நாற்பத்தொரு வகைச் சரக்கு இருந்தது. மறுநாள் காலையே முதல் ரேக்கில் ஏணியைச் சாய்த்தாள். நாத்தனார் கீழே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மேல என்ன அண்ணி போட்டிருக்கு?"

"இரு, எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன்."