ராஜாவின் அறையில் அரசப்பன் படகு

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்மேட்டில், அந்த வருஷம் ஒரு சினிமாக் கம்பெனி எகிப்து ராஜாக்களின் இடுகாட்டைக் கட்டியது. எல்லாம் மூங்கிலும் கோணிச்சாக்கும் வெள்ளைச் சாந்தும்தான். செல்லியம்மாள் அங்கே தண்ணீர் சுமந்தாள். சாக்கை ஆணியடித்ததையும் சாந்து பூசியதையும் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் வேலை முடிந்த மறுநாள் குடத்தோடு உள்ளே நுழைந்தபோது, கருவறை வாசலில் நிற்பதுபோல அவள் மூச்சு தாழ்ந்தது. தலைக்கு மேலே கருநீல வானம், அது நிறைய நட்சத்திரம். சுவரெங்கும் பக்கவாட்டில் நின்றபடி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற மனிதர்கள். நடுவே பெட்டிக்குள் சாந்தில் செய்த ராஜா. அவர் கண் திறந்தே இருந்தது. செத்தவரின் கண்ணை மூடாமல் விட்ட ஒரு ஊர் எங்கோ இருந்திருக்கிறது என்பதை அவளால் தாங்கமுடியவில்லை.

ராஜாவின் பக்கத்தில் ஒரு படகு, முழுக்கத் தங்கப் பூச்சோடு. கிட்டே போனாள். விலாவில் ஒரு பலகை கோணலாக இருந்தது. அதை அப்படி அடித்தது அவள் புருஷன் அரசப்பன். அன்று அவள் கேலி செய்ததற்கு, "மீனு இன்னா, கோணல் பாத்தா வருது?" என்றிருந்தான்.

போன ஐப்பசியில் கடலிலிருந்து இந்தப் படகு மட்டும் திரும்பி வந்தது. உள்ளே வலை இருந்தது, அவன் இல்லை. அவனை விட்டுவிட்டு வந்ததே என்ற ஆத்திரத்தில் அவள் அதன் பக்கம் போனதே இல்லை. யார் விசாரித்தாலும், "கடலுக்குப் போயிருக்காரு" என்றாள். குப்பத்துப் பெண்கள் எல்லோரும் தினமும் சொல்வதுதான். அந்தச் சொல்லுக்குள் அவன் திரும்பி வர ஒரு வழி திறந்தே கிடந்தது. அவள் அதைக் காவல் காத்தாள். தாலியைக் கழற்றச் சொன்னவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

கம்பெனிக்குப் படகைக் கொடுத்தது கொழுந்தன் முனுசாமி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படகுக்குத் தங்கப் பூச்சு அடித்த கம்பெனி ஆள் தானியேல் ஓரமாக உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். செத்தவருக்கு எதற்குப் படகு என்று அவனிடம் கேட்டாள்.

"அந்தாண்ட கரைக்குப் போவணுமில்ல? படவு இல்லன்னா ராஜாவே ஆனாலும் இந்தாண்டயே நின்னுக்கினு இருக்க வேண்டியதுதான்."

மத்தியானம் திருடர்கள் வருகிற காட்சி எடுக்கப்போவதாகவும், தங்கத்துக்காக அவர்கள் படகைக் கோடாலியால் பிளப்பார்கள் என்றும் சொன்னான்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். படகு ஏன் வந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவன் எதில் ஏறிப் போவான் என்று நினைத்ததில்லை. இடுப்பளவு தண்ணீரில் அவன் நிற்பது அவள் மனக்கண்ணில் தெரிந்தது. அந்தாண்டையும் போகாமல், இந்தாண்டையும் வராமல். அப்படி நிறுத்தி வைத்திருப்பது கடல் இல்லை, தான் சொல்லிவந்த அந்தச் சொல்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

மத்தியானம் விளக்குகளைப் போட்டார்கள். கண்ணில் மை தீட்டிய நாலு திருடர்கள் கோடாலியை ஓங்கும்போது, செல்லியம்மாள் நேரே போய்ப் படகின் முனையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ கத்தினார்கள். முனுசாமி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான்.

"அண்ணி, மானத்த வாங்காத. அண்ணன் வரட்டும், புதுப் படவே வாங்கித் தரேன்."

"வரமாட்டாரு, முனுசாமி. உங்கண்ணன் போயிட்டாரு. படவு இல்லாம போயிட்டாரு."

முனுசாமியின் கை தானாக விலகியது. சாக்குச் சுவர் என்று தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஆனால் நிஜமான ராஜா ஒருவர் முன்னால் நிற்பதுபோல நின்றார்கள். உடைப்பதற்குப் பெட்டிப் பலகையில் வேறொன்று செய்துவிடலாம் என்று தானியேல் தணிந்த குரலில் டைரக்டரிடம் சொன்னான். அவர் தலையசைத்தார்.

திருடர்களில் ஒருவன் கோடாலியைக் கீழே போட்டான்.

"நாலு பேரு இருக்கோம். தூக்குங்கப்பா."

முனைகளில் நாலு திருடர்களும் நடுவில் முனுசாமியும் தானியேலுமாக, அதை முகத்துவாரம் வரை தோளில் சுமந்தார்கள். தண்ணீரில் இறக்கியதும் ஒரு திருடன் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். செல்லியம்மாள் கோணல் பலகையில் கைவைத்துத் தள்ளினாள். கடலை நோக்கி வற்றி ஓடுகிற நீர் படகை வாங்கிக்கொண்டது. வெயிலில் அது எரிகிறதா மிதக்கிறதா என்று தெரியவில்லை.

மறுபடியும் கரைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று தானியேல் முனுசாமியின் காதருகே கேட்டான். முனுசாமி படகைக் கைநீட்டிக் காட்டினான்.

"வராது," என்றான். "பாரு, ஆளு ஏறின மாரி அமுங்கிப் போவுது."