விரலால் இறுக்கிய திருகாணி

தேவாலயத்தின் பாடகர் மாடத்தில் மண்டியிட்டு, ரெமி செல்போன் கழியின் திருகாணியை ஸ்பேனரால் கழற்ற மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அது அசையவில்லை. பிறர் கழற்றும்படி அப்பா எதையும் இறுக்கியதில்லை.

கீழே பூசை முடியும் கட்டத்தில் இருந்தது. பீடத்துக்கு முன்னால் அப்பாவின் சவப்பெட்டி. இன்னும் சில நிமிடங்களில் கோயில்பிள்ளை நிலோ வந்து மூடிவிடுவார். அதற்குள் குவைத்தில் இருக்கும் அக்கா ஃபெலிசா நேரலையில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஒன்பது நாள் காத்திருந்தார்கள். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரி பாஸ்போர்ட்டைத் தரவில்லை.

இந்த நேரலையை அமைத்தவரே அப்பாதான். மூங்கில் கழி, சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பா, திரை கீறிய பழைய செல்போன், மைக்கிலிருந்து இழுத்த ஒயர். சாமார் தீவின் கரையோரப் பங்குக் கோயிலுக்கு அதற்கு மேல் வக்கில்லை. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன பாதி ஊர் ஞாயிறு பூசையை அதில்தான் பார்த்தது. அதற்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். கேமரா பீடத்தை மட்டும் பார்க்கும். சாவு வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் திருப்ப மாட்டார். "பூசை காட்டத்தான் கேமரா. பொணம் காட்ட இல்ல."

சபெல் அத்தையிடமும் அதைத்தான் சொன்னார். அவள் புருஷன் செத்தபோது மகன் கப்பலில் இருந்தான். இப்போது அவள் முன்வரிசையில், மடியில் கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருந்தாள்.

திருகாணி கிரீச்சிட்டுக் கழன்றது. ரெமி செல்போனைக் கீழ்நோக்கித் திருப்பினான்.

திரையில் அக்காவின் செய்தி வந்தது: "வெள்ளையாத் தெரியுது. முகம் தெரியல."

புயலில் பிய்ந்துபோன பக்கக் கதவு வழியாக வெயில் நேராகப் பெட்டியின் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. நிலோ பெட்டியை மூட மூடியைத் தூக்கினார்.

"நிலோண்ணே, மூடாதீங்க!"

கோயில் முழுக்க அண்ணாந்து பார்த்தது. பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார்.

"கண்ணாடி பளபளங்குது. அக்காவுக்கு ஒண்ணும் தெரியலையாம்."

சபெல் அத்தை எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் திரும்பாத கேமரா, இவருக்கு மட்டும் திரும்புதாக்கும்."

அவள் பெட்டியருகே போய்க் குடையை விரித்து, வெயிலுக்கு மறைப்பாகப் பிடித்தாள்.

"போதுமாடா?"

"அப்படியே இருங்கத்தை. இங்க நடக்கறது அங்க தெரிய அரை நிமிஷம் ஆகும்."

"அங்கயும் உங்கப்பன் மாதிரி ஆமை வேகந்தான்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ரெமி மனதுக்குள் எண்ணினான். நாற்பதைத் தாண்டியபோது செய்தி வந்தது.

"காலர் மடங்கியிருக்கு."

அவ்வளவுதான். அவன் அதை இரண்டு முறை படித்தான்.

"அத்தை, காலர் மடங்கியிருக்காம்."

நிலோ கண்ணாடியைத் தூக்கினார். சபெல் அத்தை முதலில் தன் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். செத்தவர் மேல் கண்ணீர் விழக்கூடாது என்பது ஊர் நம்பிக்கை. பிறகு ஒரு கையில் குடையோடு, மறு கையால் பாரோங் சட்டையின் காலரை எடுத்துவிட்டாள். ஒரு பக்கம் மட்டும் நிற்கவில்லை. மறுபடியும் நீவினாள்.

"பிடிவாதத்தப் பாரு," என்றாள், அப்பாவிடம்.

நிலோ கண்ணாடியை இறக்கிவிட்டு மூடிக்குக் கை நீட்டினார்.

"நில்லு, நிலோ. அவ இன்னும் இதப் பாக்கலைல்ல? அரை நிமிஷம்."

பாதிரியார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. திரையில் ரெமிக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் முகமும், குடையைப் பிடித்த சபெல் அத்தையின் மணிக்கட்டும்தான்.

"சரி," என்று வந்தது.

"சரியாம்," என்றான் மாடத்திலிருந்து. கையை ஆட்டிக் காட்டினான்.

மூடினார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் ரெமி மாடத்துக்கு ஏறினான். செல்போனைப் பழையபடி பீடத்துக்கு நேரே திருப்பினான். ஸ்பேனர் பக்கத்திலேயே கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. திருகாணியை விரலால் முடிந்த அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு இறங்கினான்.